முட்டம் கடற்கரை வீடு: இன்வெர்ட்டர் ஏசியில் இ6, எஃப்1 கோடு வருது, போர்டு மாத்தித்தான் ஆகணுமா?

முட்டம்_மாடிவீடு:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டில் ரெண்டு ஸ்பிளிட் ஏசி. ரெண்டும் ஒரே கம்பெனி, ஒன்றரை டன், இன்வெர்ட்டர், வைஃபை ஆப்போட வந்தது, ஆர்32 கேஸ். ஹால் ஏசியோட அவுட்டோர் மேற்குச் சுவர்ல, கடலைப் பார்த்து இருக்கு. மேல் ரூம் ஏசியோடது மொட்டை மாடியில.

ஹால் ஏசி: போட்டதும் கம்ப்ரஸர் ஓடும், நல்லா குளிரும். பத்துப் பதினைஞ்சு நிமிஷத்துல அவுட்டோர் நின்னு டிஸ்ப்ளேயில் இ6 வருது. மேனுவல்லயும் ஆப்லயும் பாத்தா இன்டோர் அவுட்டோர் கம்யூனிகேஷன் பிழைன்னு போட்டிருக்கு. எம்சிபியை அணைச்சுட்டு கொஞ்சம் கழிச்சுப் போட்டா திரும்ப ஓடும். மழை பெய்த அன்னைக்கு ரொம்ப அதிகம். ராத்திரி ஏழு மணிக்கு மேல வோல்டேஜ் 195 வரைக்கும் இறங்குது, ஸ்டெபிலைசர் இல்லை. விடியக்காலை தானா அணையறதுக்கு வைஃபை ஸ்மார்ட் பிளக்ல டைமர் வச்சிருக்கோம்.

மேல் ரூம் ஏசி: எப்பவாவது எஃப்1. அதைவிடப் பெரிய தொல்லை, ஆப்ல அறை வெப்பநிலை 30 காட்டிட்டு இருக்கும்போதே 38க்குத் தாவுது. உடனே கம்ப்ரஸர் முழு வேகத்துல ஓடி ரூம் விறைச்சுப் போவுது.

வந்து பார்த்தவர் ஹால் ஏசிக்கு ரெண்டு போர்டும் மாத்தணும், மேல உள்ளதுக்கு கேஸ் ஏத்தணும்னு சொல்லிட்டுப் போயிட்டார். கவரைத் திறந்து மீட்டர் எதுவும் வச்சுப் பாக்கலை. போர்டு வாரண்டி முடிஞ்சாச்சு, கம்ப்ரஸருக்கு மட்டும் பாக்கி இருக்கு. போர்டுக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி எதையெல்லாம் சோதிக்கணும்? நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் ஒருத்தர் கூட இருந்து செய்வார்.

ஆரல்வாய்மொழி_காத்து:

கேஸ் குறைஞ்சாலும் இ6 வரும். முதல்ல கேஸை டாப்-அப் பண்ணிப் பாருங்க. பாதி ஏசியில அதுலயே சரியாயிடும்.

தக்கலை_ரெஃப்ரிஜரேஷன்:

மேல உள்ள அண்ணாச்சி சொன்னதை மட்டும் செய்யாதீங்க. இன்டோரும் அவுட்டோரும் பேசிக்கிடுறதுக்கும் கேஸுக்கும் சம்பந்தம் கிடையாது. கேஸ் குறைஞ்சா குளிர் முதல்ல குறையும், அவுட்டோர் வால்வுல ஒல்லிக் குழாய் பக்கம் பனி பிடிக்கும், அப்புறம்தான் அதுக்குன்னு உள்ள கோடு வரும். எல்ஜியில் அதுக்கு சிஎச்38, டைகின்ல யூ0. உங்க ஏசி நிக்கிற வரைக்கும் நல்லா குளிருதுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ கேஸைத் தொடவே வேண்டாம்.

கோடைப் பத்தி ஒண்ணு தெளிவா வச்சுக்கிடுங்க. ஒரு கம்பெனி கோடு இன்னொரு கம்பெனிக்குப் பொருந்தாது. இதே இ6 டைகின்ல வந்தா கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகாம மாட்டிக்கிடுதுன்னு அர்த்தம். கம்யூனிகேஷனுக்கு அதுல யூ4. எல்ஜியில் கம்யூனிகேஷன் சிஎச்05. அதனால யூடியூப்ல கோடை மட்டும் தேடிப் பாக்காதீங்க, உங்க மாடல் மேனுவல்தான் கணக்கு. சில மாடல்ல அவுட்டோர் மேல் மூடிக்கு உள்பக்கமே அட்டவணை ஒட்டியிருக்கும்.

இன்னொண்ணு, கோடு எந்தச் சாமான் கெட்டுப் போச்சுன்னு சொல்லாது. எந்தக் கேள்விக்குப் பதில் வரலைன்னு மட்டும்தான் சொல்லும். இ6னா இன்டோர் கூப்பிட்டுச்சு, அவுட்டோர் பதில் தரலை, அவ்வளவுதான். பதில் வராததுக்கு வயர் காரணமா இருக்கலாம், கரண்ட் காரணமா இருக்கலாம், அவுட்டோர் போர்டோ அவுட்டோர் ஃபேனோகூட காரணமா இருக்கலாம். நம்ம கடக்கரைப் பக்கம், குளச்சல், மணவாளக்குறிச்சி, முட்டம், ராஜாக்கமங்கலம் எங்க பாத்தாலும் முதல்ல சந்தேகப்பட வேண்டியது வயர் முனையைத்தான். உப்புக்காத்து செம்புல ஏறி பச்சை பிடிக்கும். காய்ஞ்சு கிடக்கும்போது ஒருமாதிரி ஓடும், மழை ஈரம் பட்டதும் சிக்னல் கசிஞ்சு போகும். மழை நாள்ல அதிகம்னு நீங்க சொன்னது அதுக்குத்தான் பொருந்துது.

திறக்கிறதுக்கு முன்னாடி: எம்சிபியை ஆஃப் பண்ணி, யாரும் தூக்கிப் போடாதபடி டேப் ஒட்டிடுங்க. பத்து நிமிஷமாவது காத்திருங்க. அவுட்டோர் போர்டுல உள்ள பெரிய கப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல டிசி நிக்கும், மெயினை அணைச்சாலும் உடனே இறங்காது. மீட்டரை டிசி 1000 வோல்ட்ல வச்சு அளந்து, 20 வோல்ட்டுக்குக் கீழ வந்த பிறகுதான் கை வைக்கணும். ஸ்குரூடிரைவரை வச்சு ஷார்ட் பண்ணி இறக்குற பழக்கம் சிலருக்கு உண்டு. அதுல கப்பாசிட்டரும் போகும், பக்கத்துல உள்ள, கம்ப்ரஸரை ஓட்டுற ஐபிஎம் சிப்பும் போகும்.

முதல்ல அவுட்டோர் டெர்மினல் பிளாக். 1, 2, 3, எர்த் என்று நாலு முனை இருக்கும். உங்க மாடல்ல எது லைன், எது நியூட்ரல், எது சிக்னல்னு மூடியில வரைபடம் இருக்கும். எந்தக் கலர் எந்த நம்பர்னு போன்ல படம் எடுத்துட்டு ஒவ்வொண்ணா கழட்டுங்க. செம்பு பச்சையாவோ கறுப்பாவோ இருந்தா ஒரு இன்ச் வெட்டி எறிஞ்சிடுங்க. புதுசா உரிச்சுப் பாக்கும்போது உள்ளேயும் கறுத்திருந்தா, பளபளப்பான செம்பு வர்ற வரைக்கும் வெட்டணும். தேய்ச்சுச் சுத்தம் பண்ணி திரும்ப முறுக்குறது வேலைக்கு ஆகாது, ஒரு மழைக்காலத்துக்குக்கூட தாங்காது. தகரம் பூசின லக் (வயர் முனையில மாட்டுற உலோகக் கொக்கி) போட்டு கிரிம்பிங் பிளையர்ல அழுத்தி மாட்டுங்க. டெர்மினல் ஸ்குரூவே துருப்பிடிச்சிருந்தா பிளாக்கையே மாத்திடுங்க, சின்ன செலவுதான். இன்டோர் பக்கமும் இதே வேலை.

அடுத்து கேபிள் நடுவுல ஜாயிண்ட் இருக்கான்னு பாக்கணும். ஃபிட் பண்றவங்க கேபிள் நீளம் பத்தாம போனா பைப்போட சேர்த்து வெள்ளை டேப்புக்குள்ள முறுக்கி ஜாயிண்ட் போட்டு விட்டுடுவாங்க. வெளிய பாத்தா தெரியவே தெரியாது. சுவர் ஓட்டை பக்கம் டேப்பைக் கையால அமுக்கிப் பாருங்க, புடைப்பு தட்டுப்படும். பல கம்பெனி மேனுவல்லயும் இந்த கேபிள் நடுவுல ஒட்டு இல்லாம ஒரே நீளமா இருக்கணும்னு எழுதியிருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

சந்தேகமே இல்லாமத் தெரியணும்னா ஒரு வழி இருக்கு. பழைய கேபிளை ரெண்டு முனையிலயும் கழட்டி வச்சுட்டு, புது நாலு கோர் கேபிளை ஜன்னல் வழியா தற்காலிகமா இழுத்து மாட்டி ஓட விடுங்க. இ6 வரலைன்னா கேபிள்தான் காரணம். போர்டுக்கு ஆகுற செலவுல இது ஒரு சின்னப் பங்கு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் போதும்.

புது கேபிள்லயும் இ6 வந்தா சொல்லுங்க, அடுத்த படி சொல்லுதேன்.

மண்டைக்காடு_வயர்மேன்:

கேபிளைப் பத்தி அண்ணன் சொன்னது சரி. வோல்டேஜையும் விட்டுடாதீங்க. அவுட்டோர் போர்டுக்கு உள்ள சின்ன பவர் சப்ளை ஒண்ணு இருக்கு, அதுதான் கம்யூனிகேஷன் சிப்புக்கு உயிர். உள்ள வர்ற வோல்டேஜ் ஒரு நொடி சரிஞ்சா சிப் தூங்கிடும், இன்டோர் இ6ன்னு காட்டும். சில மாடல்ல வோல்டேஜுக்குத் தனிக் கோடு உண்டு. ஆனா சரிவு வேகமா வந்தா அந்தக் கோடை அனுப்பவே அவுட்டோருக்கு நேரம் கிடைக்காது.

195 வோல்ட்டை எங்க அளந்தீங்க? ஏசி ஓடாத நேரத்துல பிளக்ல அளந்தா பிரயோஜனம் இல்லை. கம்ப்ரஸர் முழு வேகத்துல ஓடும்போது மூணு இடத்துல அளக்கணும்: மீட்டர் பெட்டி, டிபி (வீட்டுக்குள்ள எம்சிபி எல்லாம் இருக்கிற பெட்டி), அவுட்டோர் டெர்மினல். இது கரண்ட் இருக்கும்போது செய்யுற வேலை. எலக்ட்ரீஷியன் மட்டும் செய்யட்டும்.

டிபியிலிருந்து ஏசி வரைக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 20 மீட்டர் போயிருக்குன்னு வச்சுக்கிடுங்க. போக வர 40 மீட்டர். அதோட ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய 0.175 ஓம். 8 ஆம்பியர் ஓடுனா சரிவு 1.4 வோல்ட்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரே போட்டிருந்தாலும் 4 வோல்ட்டைத் தாண்டாது. அப்படியிருக்க டிபியில 210, ஏசியில 198னு காட்டுனா நடுவுல எங்கயோ ஒரு முனை லூஸா இருக்கு, இல்லைன்னா கருகியிருக்கு. எம்சிபி ஸ்குரூ, பிளக் சாக்கெட், இந்த ரெண்டையும் கட்டாயம் பாருங்க. சாக்கெட் பழுப்பேறி இருந்தா சந்தேகமே வேண்டாம்.

இன்வெர்ட்டர் ஏசி வோல்டேஜ் குறையக் குறைய கரண்டை அதிகமா இழுக்கும். 1500 வாட் வேலைக்கு 230 வோல்ட்ல ஆறரை ஆம்பியர்னா, 190ல ஏறக்குறைய எட்டு. அதனால லூஸ் முனை ராத்திரியில இன்னும் சூடாகும், இன்னும் சரியும். நீங்க ஏழு மணிக்கு மேலன்னு சொன்னதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

மீட்டர் பெட்டிக்கு வரும்போதே குறைவா இருந்தா அது உங்க வீட்டு வயரிங் பிரச்சனை இல்லை. மின்வாரியத்தோட மின்னகம் புகார் மையத்துல புகார் பதிஞ்சு, கம்பத்துல சர்வீஸ் வயர் முனையைப் பாக்கச் சொல்லுங்க. கடக்கரையில கம்பத்து ஜாயிண்ட்ல அலுமினியமும் செம்பும் சேர்ற இடம் உப்புல சீக்கிரம் அரிக்கும். நியூட்ரல் லூஸ் ஆனா ஆபத்து அதிகம். மூணு ஃபேஸ் வீடுன்னா ஒரு ஃபேஸ்ல 180ம் இன்னொண்ணுல 270ம் வரலாம்.

ஸ்டெபிலைசர்: ஏசி லேபிள்ல வேலை செய்யுற வோல்டேஜ் எல்லை எழுதியிருக்கும். உங்க 195 அந்த எல்லைக்குள்ள இருந்தா ஸ்டெபிலைசர் கட்டாயம் இல்லை. வாங்குறதா இருந்தா ஒன்றரை டன்னுக்கு 4 கேவிஏ, மூணு நிமிஷ டிலே உள்ளது வாங்குங்க.

இப்ப அந்த ஸ்மார்ட் பிளக். அதை இன்னைக்கே கழட்டிடுங்க. கம்ப்ரஸர் ஓடிட்டு இருக்கும்போது கரண்டையே வெட்டுறது இன்வெர்ட்டர் போர்டுக்கு ஆகாது. திரும்பப் போடும்போது காலியா இருக்கிற பெரிய கப்பாசிட்டர் ஒரே இழுப்பா கரண்டை இழுக்கும், பிளக்குக்கு உள்ள இருக்கிற சின்ன ரிலே அதுல பொரிஞ்சு பொரிஞ்சு கருகும். கருகின ரிலேயும் லூஸ் முனையும் ஒண்ணுதான், அதே சரிவு, அதே இ6. உங்க ஏசி ஆப்லயே டைமர் இருக்கு, அதுல வைங்க. அது ஏசியை முறைப்படி நிறுத்தும். வைஃபை சும்மா தகவல் பாக்கவும் கட்டளை கொடுக்கவும்தான். ரவுட்டர் நின்னா இ6 வராது. சிலர் ரவுட்டரை மாத்திட்டு உக்காந்திருப்பாங்க, அதனால சொன்னேன்.

எர்த்: முட்டம் மாதிரி மணல் பூமியில எர்த் குழி கோடையில காஞ்சு போகும். ஏசி ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல ரெண்டு மூணு வோல்ட்டுக்குள்ள இருக்கணும். பத்துக்கு மேல போனா நியூட்ரலையும் எர்த்தையும் ரெண்டையும் பாக்கணும். எர்த் சரியில்லாம டிபியில சர்ஜ் புரொடெக்டர் (இடி மின்னல்ல திடீர்னு ஏறுற வோல்டேஜைத் தடுக்குறது) மாட்டினா அது அலங்காரத்துக்குத்தான். நமக்கு ரெண்டு பருவமழை, ஐப்பசி இடி வேற. எர்த்தைச் சரி பண்ணிட்டு டைப் 2 சர்ஜ் புரொடெக்டர் ஒண்ணு போட்டுடுங்க.

முட்டம்_மாடிவீடு:

தக்கலை அண்ணே, மண்டைக்காடு அண்ணே, ரொம்ப நன்றி. நீங்க சொன்ன மாதிரியே பாத்தோம். டிபியில 204, அவுட்டோர்ல 201, அதனால வயரிங் பரவாயில்லைன்னு எலக்ட்ரீஷியன் சொல்றார். ஸ்மார்ட் பிளக்கைக் கழட்டியாச்சு. அதோட ஒரு பின் நீலமா வெந்து போயிருந்தது.

டெர்மினல்ல 3ம் நம்பர் வயர் முழுசா பச்சை. சுவர் ஓட்டைக்குள்ள டேப் சுத்துன ஜாயிண்ட் ஒண்ணும் இருந்தது, டேப்பைப் பிரிச்சா உள்ள தண்ணி. புது கேபிளை ஜன்னல் வழியா போட்டு ஓட விட்டிருக்கோம். இ6 குறைஞ்சிருக்கு, ஆனா முழுசா போகலை. இப்பவும் எப்பவாவது வருது. அடுத்து என்ன செய்யலாம்?

தக்கலை_ரெஃப்ரிஜரேஷன்:

சரி. அப்போ ரெண்டு குறை சேர்ந்து இருக்கு, ஒண்ணு போயாச்சு.

அடுத்து, ஏசி ஓடும்போது நியூட்ரலுக்கும் சிக்னலுக்கும் நடுவுல டிசி வோல்டேஜ் பாருங்க. பேச்சு நடந்தா முள் ஒரு இடத்துல நிக்காம ஏறி இறங்கிட்டே இருக்கும். எவ்வளவு வோல்ட்ங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அது முக்கியம் இல்லை, ஆட்டம்தான் முக்கியம். இ6 வர்ற நேரத்துல ஆட்டம் நின்னு ஒரே அளவுல உறைஞ்சு போனா ஒரு பக்கம் வாயை மூடிட்டுன்னு அர்த்தம். அந்த நேரம் அவுட்டோர் போர்டுல எல்இடி எரியுதான்னு உடனே பாக்கணும். எல்இடி எரியுது, பேச்சு மட்டும் இல்லைன்னா சிக்னல் சர்க்யூட். அது ஆப்டோகப்ளரும் (சிக்னலை ஒளி வழியா கடத்துற சின்ன சிப்) அதைச் சுத்தி உள்ள ரெசிஸ்டரும்தான், போர்டையே மாத்தாம சரி பண்ணலாம். எல்இடியும் அணைஞ்சு போனா போர்டுக்குப் பவர் போகலை, இல்லைன்னா போர்டோட சின்ன சப்ளையை எதோ ஒண்ணு அமுக்குது.

அப்படி அமுக்குற சாமான்ல முதல் ஆள் அவுட்டோர் ஃபேன் மோட்டார். இன்வெர்ட்டர் ஏசியில அது பெரும்பாலும் பிஎல்டிசி, அதாவது பிரஷ் இல்லாத டிசி மோட்டார், மோட்டாருக்கு உள்ளேயே சின்ன போர்டு இருக்கும். அதுக்குள்ள ஈரம் போனா 15 வோல்ட் சப்ளையை ஷார்ட் பண்ணி அவுட்டோர் போர்டையே மயக்கிடும். சோதிக்கிற முறை: கரண்டை அணைச்சு, கப்பாசிட்டர் இறங்கிருச்சான்னு அளந்து, ஃபேன் கனெக்டரைக் கழட்டிட்டு, திரும்ப கரண்ட் கொடுங்க. இ6 போயி, ஃபேனுக்கு உள்ள கோடு வந்தா மோட்டார்தான் திருடன். போர்டு நல்லாதான் இருக்கு. இந்தச் சோதனையைச் செய்யாம போர்டை மாத்தினா புது போர்டும் அதே இ6தான் காட்டும், சில நேரம் புது போர்டும் சேர்ந்து போகும். கரண்ட் இருக்கும்போது அந்த கனெக்டரைக் கழட்டவும் கூடாது, சொருகவும் கூடாது. அந்த ஒரு பொறியில மோட்டாரும் போகும், போர்டும் போகும்.

இன்னொரு இடம்: சில மாடல்ல அவுட்டோருக்குப் போற லைன் இன்டோர் போர்டுல உள்ள ஒரு ரிலே வழியாதான் போகும். அந்த ரிலேயோட கால்ல ஈயம் விரிசல் விட்டிருந்தா சூடு ஏறுன பிறகு தொடர்பு விட்டுப் போகும். பத்துப் பதினைஞ்சு நிமிஷம் ஓடி நிக்கிறதுக்கு இது சரியா பொருந்துது. லென்ஸ் வச்சுப் பாத்தா காலைச் சுத்தி மெல்லிசா ஒரு கறுப்பு வளையம் தெரியும். ஈயத்தை உறிஞ்சி எடுத்துட்டு புதுசா வச்சா போதும்.

கோட்டார்_சர்க்யூட்:

போர்டைப் பற்றியும் அந்த எஃப்1 பற்றியும் நான் எழுதுகிறேன். எஃப்1 உங்கள் மேனுவலில் அறை வெப்ப சென்சார் என்றுதான் இருக்கும், ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள். வெப்பநிலை எந்தப் பக்கம் தவறுகிறது என்பதே இங்கே பாதி விடை.

இந்த சென்சார் ஒரு தெர்மிஸ்டர். சூடு ஏறினால் இதன் ரெசிஸ்டன்ஸ் குறையும். கனெக்டர் பின்னில் துரு ஏறினால் தெர்மிஸ்டரோடு தொடராக ஒரு ரெசிஸ்டன்ஸ் சேரும், மொத்தம் கூடும், அறை உண்மையைவிடக் குளிர்ச்சியாக இருப்பதாக ஏசி நினைக்கும். மாறாக, கனெக்டரின் இரண்டு பின்களுக்கு நடுவில் உப்பும் ஈரமும் படிந்தால் அது இணையாக ஒரு பாதை. மொத்தம் குறையும், அறை சூடாக இருப்பதாகக் காட்டும். உங்களுடையது 30லிருந்து 38க்கு ஏறுகிறது. எனவே அது ஈரக் கசிவு.

எண்ணில் பாருங்கள். 25 டிகிரியில் 15 கிலோ ஓம் உள்ள சென்சார் என்று எடுத்துக்கொள்வோம். 30 டிகிரியில் அது ஏறக்குறைய 12, 38 டிகிரியில் ஏறக்குறைய 8.6 கிலோ ஓம். 12ஐ 8.6 ஆகக் காட்டுவதற்கு, பின்களுக்கு நடுவே 30 கிலோ ஓம் அளவுக்கு ஒரு கசிவு இருந்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் ஈரமானாலே இதைச் செய்துவிடும். கசிவு இன்னும் கூடி ஷார்ட் அளவுக்குப் போகும்போதுதான் எஃப்1 வரும். அதனால் எஃப்1 எப்போதாவது வருவதும் வெப்பநிலை தாவுவதும் ஒரே குறையின் இரண்டு முகங்கள். கேஸ் ஏற்ற வேண்டும் என்று சொன்னவர் எந்த அளவீட்டை வைத்துச் சொன்னார் என்று கேளுங்கள்.

சென்சாரைக் கழற்றி, கனெக்டரில் இருந்து விடுவித்து அளக்க வேண்டும். போர்டில் சொருகியபடி அளந்தால் போர்டின் ரெசிஸ்டன்ஸும் சேர்ந்து வரும். ஒரு டம்ளரில் ஐஸை நொறுக்கிப் போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கினால் அது 0 டிகிரி. சென்சாரின் மணி போன்ற முனையை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் போட்டு அதில் இரண்டு நிமிடம் வையுங்கள். 10 கிலோ ஓம் வகை 32, 33 அளவுக்கு ஏற வேண்டும். 20 வகை 65ஐ ஒட்டி வரும். பிறகு விரலிடுக்கில் பிடித்தால் மதிப்பு சீராக இறங்க வேண்டும். நடுவில் குதித்தால் சென்சாரே கெட்டது. சீராக இறங்கினால் சென்சார் நல்லது, கனெக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

மாற்றுவதானால் மதிப்பு முக்கியம். ஒரே இன்டோரில் அறை சென்சாரும் குழாய் சென்சாரும் வேறு வேறு மதிப்பில் இருக்கும். சில ஏசிகளில் அறைக்கு 15, குழாய்க்கு 20, அவுட்டோர் டிஸ்சார்ஜ் குழாய்க்கு 50 கிலோ ஓம். டைகினில் பல இடங்களில் 20. கடையில் "ஏசி சென்சார்" என்று மட்டும் கேட்டு வாங்கி 15க்குப் பதிலாக 20 சொருகினால் 25 டிகிரி அறையை 18, 19 என்று காட்டும். 24 வைத்திருந்தால் குளிர்ந்தாயிற்று என்று கம்ப்ரஸர் ஓடவே ஓடாது. அதற்குக் கோடும் வராது. மதிப்பு எல்லைக்குள்தானே இருக்கிறது.

கனெக்டரையும் போர்டையும் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால், மென்மையான பிரஷ். பெட்ரோல், தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். வெள்ளையாகப் பூத்திருக்கும் இடங்களை இரண்டு முறை கழுவி, நன்றாகக் காய விடுங்கள். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைக்கலாம். பிறகு போர்டில் ஈரம் படாமல் காக்கும் அக்ரிலிக் கன்ஃபார்மல் கோட்டிங் ஸ்பிரே மெல்லிசாக இரண்டு பூச்சு. அதற்கு முன்னால் கனெக்டர் வாய்கள், ரிலே, பட்டன், ஹீட்சிங்க் படும் இடம் இவற்றையெல்லாம் மாஸ்கிங் டேப்பால் மூட வேண்டும். கனெக்டர் வாய்க்குள் கோட்டிங் போனால் தொடர்பே கிடைக்காது, ஒரு பிரச்சனையைத் தீர்த்து மூன்றை வாங்கியதாகிவிடும். ஈரம் காயாமல் கோட்டிங் அடிப்பதும் தவறு. உப்பை உள்ளே வைத்து மூடியது போலாகும்.

அவுட்டோர் போர்டுப் பெட்டிக்குள் பல்லி ஏறுவது நம் ஊரில் மிகச் சாதாரணம். சூட்டுக்கு வரும், இரண்டு பாதைகளுக்கு நடுவில் படுத்தவுடன் கருகும், போர்டில் கரிக்கோடு விழும். அந்தக் கரி மின்சாரம் கடத்தும். ஆல்கஹாலில் தேய்த்தும் கரி போகவில்லை என்றால், அந்த இடத்தைச் சுரண்டி எடுத்து எபாக்ஸியால் நிரப்ப வேண்டும். கேபிள் நுழையும் ஓட்டையை ரப்பர் குரோமெட்டும் சிலிகான் சீலன்ட்டும் வைத்து அடையுங்கள். போர்டின் ஹீட்சிங்க்குக்குக் காற்று போகும் வழியை மட்டும் அடைக்காதீர்கள். அடைத்தால் சூடு ஏறி வேறு கோடு வரத் தொடங்கும்.

ஆரல்வாய்மொழி_காத்து:

சரிதான், கேஸ் விஷயத்துல நான் பொதுவா சொல்லிட்டேன். ஆனா மேல் ஏசியில கேஸ் குறைவா இல்லையான்னு எப்படி உறுதியா சொல்றது? பிரஷர் கேஜ் போட்டுப் பாத்தா தெரியுமே?

தக்கலை_ரெஃப்ரிஜரேஷன்:

கேஜை மட்டும் வச்சு இன்வெர்ட்டர்ல சொல்ல முடியாது மக்கா. கம்ப்ரஸர் வேகம் மாற மாற சக்‌ஷன் பிரஷரும் மாறும். நிறுத்தி வச்சுப் பாத்தாலும் ஆர்32ல 30 டிகிரிக்கு 265 பிஎஸ்ஐ சுத்தித்தான் காட்டும், உள்ள ஒரு துளி திரவம் இருக்கிற வரைக்கும் பாதி கேஸ் இருந்தாலும் அதே அளவுதான். நல்ல வழி, மேனுவல்ல உள்ள டெஸ்ட் மோட்ல ஏசியை நிலையான வேகத்துல ஓட்டி, இன்டோருக்குள்ள போற காத்துக்கும் வெளிய வர்ற காத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாக்குறது. 10லேர்ந்து 14 டிகிரி வரைக்கும் இருந்தா கேஸைப் பத்திக் கவலை வேண்டாம். குழாயை இணைக்கிற ஃபிளேர் நட்டுல எண்ணெய்ப் பசை இருந்தா கசிவு.

கசிவு உறுதியானா முதல்ல கசியுற இடத்தை அடைக்கணும். நைட்ரஜன் ஏத்தி சோப்பு நுரை வச்சுத் தேடணும், ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் பிடிக்கக் கூடாது, உள்ள உள்ள எண்ணெயோட சேர்ந்து வெடிக்கும். அடைச்சு, வேக்குவம் கேஜ்ல 500 மைக்ரானுக்குக் கீழ இழுத்து, நிக்குதான்னு பாத்து, அவுட்டோர் லேபிள்ல எழுதியிருக்கிற கிராம் அளவைத் தராசுல நிறுத்தி ஏத்தணும். ஆர்32 தீப்பிடிக்கிற வகை, கதவு ஜன்னலைத் திறந்து வச்சுத்தான் வேலை பாக்கணும்.

முட்டத்துல மேற்குச் சுவர் அவுட்டோர் பத்தியும் சொல்லிடுதேன். முடிஞ்சா அதைக் கடலுக்கு மறைவான சுவருக்கு மாத்துங்க. முடியலைன்னா மாசம் ஒரு தடவையாவது நல்ல தண்ணியில கழுவுங்க. ஆடி ஆவணி காத்துல இன்னும் அடிக்கடி. போர் தண்ணி உப்பா இருந்தா அதால கழுவவே கூடாது, உப்பைக் கழுவ உப்பு ஊத்துன மாதிரி. கரண்டை அணைச்சு, ஃபேன் பக்கத்துலயிருந்து வெளிப்பக்கம் பாத்து மெல்லிசா தண்ணி விடணும், போர்டு இருக்கிற பக்கம் பாயக் கூடாது. பிரஷர் வாஷர் ஃபின்னை மடக்கிடும். ஆசிட் கலந்த காயில் கிளீனர் அலுமினியம் ஃபின்னைத் தின்னுடும், செம்புக் குழாயோட ஒட்டுற இடத்துல ஏற்கெனவே உப்பு அரிச்சிட்டு இருக்கும். ஸ்டாண்டு போல்ட் எஸ்எஸ்316 (உப்பைத் தாங்குற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போடுங்க. மழைக்குன்னு அவுட்டோரைத் தார்ப்பாயில மூடி ஓட்டாதீங்க, காத்து இல்லாம ஹை பிரஷர் கோடு வரும். கேபிள் பெட்டிக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி கீழ ஒரு வளைவு விட்டு மேல ஏத்துங்க, தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும்.

முட்டம்_மாடிவீடு:

மேல் ரூம் சென்சார் கனெக்டர்ல வெள்ளையா பூத்துத்தான் இருந்தது. கழுவிக் காய வச்சு மாட்டியிருக்கோம், ஆப்ல இப்ப 30, 31ன்னு நிலையா நிக்குது. ஹாலுக்கு ஃபேன் கனெக்டர் சோதனை செஞ்சோம், இ6 போகலை. அப்புறம் இன்டோர் போர்டைக் கழட்டி லென்ஸ் வச்சுப் பாத்ததுல ரிலேயோட ஒரு கால்ல நீங்க சொன்ன வளையம் தெரியுது. எங்க எலக்ட்ரீஷியனுக்கு போர்டுல ஈயம் வைக்கிற வேலை பழக்கம் இல்லை. வெளிய கொடுத்துச் சரி பண்ணலாமா, இல்ல இன்டோர் போர்டு மட்டும் புதுசா வாங்கிடலாமா?

கோட்டார்_சர்க்யூட்:

வெளியில் கொடுங்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் டிவி, யுபிஎஸ் போர்டு வேலை செய்பவர்கள் எல்லாருக்கும் இது சின்ன வேலை. ரிலேயையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். காயில் வோல்டேஜ், காண்டாக்ட் ஆம்பியர் இரண்டும் பழையதன் மேல் எழுதியிருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஏனென்றால், விரிசல் விட்ட கால் சூடாகி ரிலேயின் உள்ளேயும் கெடுத்திருக்கும்.

அப்படியும் புது போர்டுதான் என்று முடிவானால், மாடல் எண்ணைக் கடைசி எழுத்துவரை பார்த்து வாங்குங்கள். ஒரே பெயரில் ஆண்டுக்கு ஆண்டு போர்டு மாறும். சில ஏசிகளில் இன்டோர் போர்டில் நகம் அளவுக்கு ஒரு ஜம்பர் கேப் (எந்த மாடல் என்று போர்டுக்குச் சொல்லும் சின்னச் செருகி) சொருகியிருக்கும். புது போர்டோடு அது வராது, பழையதிலிருந்து பிடுங்கிப் புதியதில் சொருக வேண்டும். அதை மறந்து பழைய போர்டைச் சர்வீஸ்காரரிடம் கொடுத்தனுப்பிவிட்டால் இ6 போய் சி5 என்று வேறொரு கோடு வந்து நிற்கும். புதியது மாட்டி ஏசி ஓடுவதைப் பார்க்கும்வரை பழைய போர்டை வீட்டிலேயே வைத்திருங்கள்.